‘சரி, பார்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டு அழுத அம்மாவுக்கு

கேள்வி: எனக்கு வயது 51. யாங்கோனில் கணவரோடு இருக்கிறேன். ஒரே மகன். கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்த வருஷமே அவனை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டோம். கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அவன் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டுப்போனது. நாத்தனார் தான் போகும் தியான மையத்தில் என்னையும் சேர்த்துவிட்டு, பத்து நாள் உட்கார வைத்தார். அங்கே சயாடோ (மூத்த பிட்சு) உபேக்கா என்ற மனச் சமநிலை பற்றிச் சொன்னது மனதில் நன்றாக ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து, மகன் நினைப்பு வரும்போதெல்லாம் ‘அவனவன் வினை அவனவனுக்கு’ என்று சொல்லிப் பழகினேன். நிம்மதியாகவும் இருந்தது. கோயிலுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டேன். அங்கே போனால் வேண்டுதல் வருகிறது, வேண்டுதலும் ஆசைதானே என்று.

போன மாசம் அவன் போன் செய்து, வடைச்சட்டி எண்ணெய் கையில் கொட்டிவிட்டது என்றான். நான் ‘சரி, பார்த்துக்கோ’ என்றேன். அதோடு அவன் பேசவே இல்லை, கொஞ்ச நேரத்தில் வைத்துவிட்டான். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், ‘புத்தர்கிட்டப் போய்ப் பெத்த பிள்ளையைத் தொலைச்சுட்டு வந்திருக்கா’ என்றார். அன்று ராத்திரி ஆரம்பித்த அழுகை இன்னும் விடவில்லை. இப்போது எல்லாம் தலைகீழ். அவன் கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்தான் என்று விடிய விடிய போனைப் பார்க்கிறேன். அங்கே இருக்கும் என் சித்தி மகனிடம் அவனைக் கண்காணிக்கச் சொல்லியிருக்கிறேன். நாத்தனாரோ புத்தரின் சீடை விசாகையின் கதையைச் சொல்லி, ‘நூறு பேர் மேல் பாசம் வைத்தவளுக்கு நூறு துக்கம்’ என்கிறார். பாசத்தை விட்டால்தான் சமநிலை வருமா? தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் மறுபடியும் பத்து நாள் உட்காரலாமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பையனுக்குக் கை எப்படி இருக்கிறது? கடிதத்தில் அது இல்லை. ஒரு மாசம் ஆகிவிட்டதே, இப்போது போய் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். இன்றைக்கே கேட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

2024 பிப்ரவரியில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, 18 வயதிலிருந்து 35 வயதுவரை ஆண்பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் நிம்மதியான தூக்கம் கிடையாது. நகையை விற்று அனுப்பியவர்கள், அனுப்ப வழியில்லாமல் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பவர்கள், இருவரும் எனக்கு எழுதுகிறார்கள். உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை மனக்கோளாறு என்றோ, பக்குவமில்லாத பாசம் என்றோ யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், நாத்தனாராக இருந்தாலும் சரி.

இப்போது அந்தப் போன் பேச்சுக்கு வருகிறேன். நீங்கள் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகன் நினைப்பு எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, அது வாய்ப்பழக்கம் ஆகிவிட்டது. அன்றைக்கு அவன் சொன்னது முழுசாக உள்ளே இறங்குவதற்கு முன்பே அந்த வாக்கியத்தின் தங்கச்சி ஒன்று வாயில் வந்து நின்றது. உபேக்கா அங்கே நடக்கவே இல்லை. கேட்பது நின்றுபோனது, அவ்வளவுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கல் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் என்ற பௌத்தப் பயிற்சி நூலை எழுதிய புத்தகோசர் இதைப் பற்றி விவரமாகவே சொல்லியிருக்கிறார். நம் ஊர் மடங்களில் இன்றும் பாடமாக இருக்கும் நூல் அது. மெத்தா (அன்பு), கருணா (இரக்கம்), முதித்தா (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது), உபேக்கா என்று நான்கு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரத்துப் பகை, ஒரு பக்கத்துப் பகை. தூரத்துப் பகையைப் பார்த்ததும் தெரிந்துவிடும்: மெத்தாவுக்கு வெறுப்பு, கருணைக்குக் கொடுமை. பக்கத்துப் பகைதான் ஆபத்து, அது குடும்பத்து ஆள் மாதிரியே முகம் வைத்துக்கொண்டு வரும். மெத்தாவுக்குப் பக்கத்துப் பகை பற்று. கருணைக்குச் சோகம். உபேக்காவுக்கு என்ன தெரியுமா? அறியாமல் வரும் அலட்சியம். உபேக்கா உள்ளவரும் பதறமாட்டார், அலட்சியமாக இருப்பவரும் பதறமாட்டார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. வித்தியாசம் பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: எண்ணெய் கொட்டியது எந்தக் கையில்? உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் கேட்கவில்லை. உபேக்கா இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதே நூலில் இன்னொன்றும் இருக்கிறது. மையத்தில் அதை உங்களுக்குச் சொன்னார்களா, அல்லது பத்து நாளில் காதில் விழாமல் போனதா, தெரியவில்லை. உபேக்கா நான்காவது. முன்னால் உள்ள மூன்றையும் நன்றாகப் பழகியவர்தான் அதைத் தொட வேண்டும் என்கிறார் புத்தகோசர். யாரை வைத்துத் தொடங்குவது? நமக்குப் பிடித்தவரும் இல்லை, பிடிக்காதவரும் இல்லை என்ற ஒருவரை வைத்து. உயிருக்கு உயிரானவரை வைத்துத் தொடங்கவே வேண்டாம் என்று மெத்தா பழகும் இடத்திலேயே எச்சரிக்கிறார். அவர்களுக்குச் சின்னக் கஷ்டம் வந்தாலும் அழுகை வந்துவிடும், பயிற்சி நிலைக்காது என்று காரணமும் சொல்கிறார். நீங்கள் எடுத்த எடுப்பில் நான்காவது குணத்தை, அதுவும் ஒரே மகனை வைத்து ஆரம்பித்திருக்கிறீர்கள். பயிற்சி உங்களிடம் தோற்றுப்போனதாக நினைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. வரிசை மாறிவிட்டது.

அந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் நான்கு பிள்ளைகள் பெற்ற தாயின் உவமை. ஒருவன் கைக்குழந்தை, ஒருவன் நோயாளி, ஒருவன் வாலிபத்தின் செழிப்பில் இருப்பவன், ஒருவன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவன். குழந்தை வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள், அது மெத்தா. நோயாளி எழுந்து நடக்க வேண்டும் என்று தவிக்கிறாள், அது கருணை. வாலிபனின் சந்தோஷம் நீடிக்க வேண்டும் என்று நினைக்கிறாள், அது முதித்தா. நான்காமவனுக்காக அவள் பரபரப்பதில்லை, அது உபேக்கா. நான்கு பேருக்கும் தாய் ஒருத்திதான் என்பதைக் கவனியுங்கள். நான்காமவன் மேல் அவளுக்குப் பாசம் குறைவு என்று புத்தகோசர் எங்கேயும் சொல்லவில்லை.

உங்களுக்கு ஒரே பிள்ளை. ஆனால் அவனே நாலு பேராகவும் வருவான், நாளுக்கு நாள் மாறி மாறி. கடை முதலாளியிடம் என்ன பேசுவது, சம்பளத்தில் எவ்வளவு அனுப்புவது, யாரோடு அறை எடுத்துத் தங்குவது என்று தானே முடிவு செய்யும்போது அவன் நான்காமவன். எண்ணெய் கொட்டிய அன்று இரண்டாமவன். நோயாளிப் பிள்ளை போன் செய்தபோது நான்காமவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னீர்கள். இப்போது ராத்திரி ராத்திரி நான்காமவனைக் கைக்குழந்தையாக்கி, தொட்டிலை எட்டிப் பார்ப்பதுபோல் போனைப் பார்க்கிறீர்கள். இரண்டு தடவையும் பாசம் சரியாகத்தான் இருந்தது, அன்றைக்கு வந்தவன் யார் என்று பார்ப்பதில்தான் தவறியது.

அன்றைக்கு என்ன சொல்லியிருக்கலாம்? ‘எந்தக் கை? தோல் பொங்கியிருக்கா? குழாயைத் திறந்து விட்டு, ஓடுற தண்ணியில இருபது நிமிஷம் கையை வை. பேஸ்ட் கீஸ்ட் எதுவும் தடவாதே. கொப்புளம் பெரிசா இருந்தா கிளினிக் போ, யாரையாவது கூடக் கூட்டிட்டுப் போ. போய்ட்டு வந்து சொல்லு.’ இவ்வளவுதான். இதில் அழுகை இல்லை, ‘அய்யோ, நான் உன்னை அனுப்பியிருக்கவே கூடாது’ இல்லை, ‘இன்னைக்கே கிளம்பி வா’ இல்லை. ஆனால் அம்மா முழுசாக இருக்கிறாள். நீங்கள் கேட்ட ‘பாசத்தை விட்டால்தான் சமநிலை வருமா’ என்பதற்கு நான் காட்டக்கூடிய உதாரணம் இதுதான்.

‘அவனவன் வினை அவனவனுக்கு’ என்ற வாக்கியத்தை நான் குறை சொல்லமாட்டேன். எல்லா உயிர்களும் தத்தம் வினைக்கு உரியவை என்பது உபேக்காவுக்கென்றே சொல்லப்படும் நினைப்பு. ஆனால் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். எண்ணெய் கொட்டியது அவன் பக்கம் நடந்தது. போனை எடுத்து நீங்கள் என்ன சொன்னீர்களோ, அது உங்கள் வினை. புத்தர் தினமும் நினைக்கச் சொன்ன ஐந்தில் ஒன்று ‘என் வினைக்கு நான் உரியவன்’ என்பது. நாமோ அதை மற்றவர்களுக்கு மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம்.

விசாகை கதையைப் பார்ப்போம். நாத்தனார் சொன்னது உண்மை, உதானம் என்ற பழைய பௌத்த நூலில் இருக்கிறது. பேத்தி இறந்துபோய், நனைந்த தலையும் நனைந்த துணியுமாகப் பட்டப்பகலில் வந்து நிற்கிறாள் விசாகை. சாவத்தியில் இருக்கும் ஜனங்கள் அத்தனை பேரும் உனக்குப் பிள்ளை பேரப்பிள்ளைகளாக இருக்க ஆசையா என்று புத்தர் கேட்கிறார். ஆமாம் என்கிறாள். அந்த ஊரில் சாவு இல்லாத நாள் உண்டா, அப்படியானால் உன் தலை காயும் நாள் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் நூறு பிரியம், நூறு துக்கம் என்று சொல்கிறார். இதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிரியத்தோடு துக்கம் வரும், விலக்கு கிடையாது என்று நேராகவே சொல்கிறார்.

ஆனால் அவர் எல்லோரிடமும் இதே பேச்சைப் பேசவில்லை. நகுலனின் தகப்பனும் தாயும் என்று ஒரு தம்பதி அவரிடம் வந்து, இந்தப் பிறவியிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அடுத்த பிறவியிலும் வேண்டும் என்கிறார்கள். நாத்தனார் அங்கே இருந்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். புத்தர் சுளிக்கவில்லை. அப்படியானால் இருவரும் நம்பிக்கையில், ஒழுக்கத்தில், ஈகையில், அறிவில் ஒத்து இருங்கள் என்று வழி சொல்லி அனுப்புகிறார். பிட்சுவின் வழியும் வீட்டில் இருப்பவரின் வழியும் ஒரே தூரம் போவதில்லை. பற்றை வேரோடு எடுப்பது முதலாவதன் நோக்கம், அதை மறைக்கத் தேவையில்லை. நீங்கள் சமையலறையும் போனுமாக வாழ்கிறீர்கள். அந்த வாழ்க்கைக்குள் பழகுவதற்கும் இங்கே முன்னோடிகள் இருக்கிறார்கள். 1948-இல் சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்த ஊ பா கின் மனைவி மக்களோடு வாழ்ந்தவர்தான். அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக் கொடுத்தார்.

இன்னொன்றையும் நாத்தனாரிடம் சொல்லலாம். சண்டைக்காக வேண்டாம், பேச்சு வாக்கில். தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் இறந்தபின் ஒரு நாள் பிட்சுக்கள் கூட்டத்தைப் பார்த்து, ‘இந்தச் சபை எனக்கு வெறுமையாகத் தெரிகிறது’ என்று புத்தரே சொல்கிறார். அதோடு நிற்கவில்லை, அதில் தமக்குத் துக்கமோ புலம்பலோ இல்லை என்றும் தொடர்கிறார். ஆனாலும் இடம் காலியாக இருப்பதைக் காலி என்று சொல்லத்தான் செய்தார். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலி. அதை மகனிடம் ஒரு தடவை சொன்னால் உபேக்கா ஒன்றும் கெட்டுவிடாது. ஒவ்வொரு போனிலும் ‘எப்ப வருவே’ என்று கேட்பதுதான் பிரச்சினை. அவனிடம் பதில் இல்லாத கேள்வி அது.

சரி, இனி என்ன செய்வது?

போன். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் இரவு பன்னிரண்டுக்குப் பார்த்து ‘இன்னும் முழிச்சிருக்கானே’ என்று பதறும்போது அவனுக்கு ஒன்றரை மணி. சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி, தரை துடைத்து, அப்போதுதான் அறைக்கு வந்திருப்பான். அவனோடு பேசி வாரத்தில் இரண்டு நேரம் முடிவு செய்துகொள்ளுங்கள். இங்கே கரண்ட் போகும், நெட் போகும், அதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கட்டும்: பேச முடியாவிட்டால் மறுநாள் அதே நேரம். கடைசியாக வந்த நேரம் தெரியாமல் இருக்கச் செயலியிலேயே வசதி உண்டு. உங்களுடையதை நீங்கள் மூடுங்கள். அவனும் மூடிக்கொண்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வரிசையாக ‘சாப்டியா’, ‘எங்க இருக்கே’, ‘ஏன் பதில் இல்ல’ என்று அனுப்புகிறவராக இருந்தால், அதற்குப் பதில் ஒரே செய்தி போடுங்கள், கேள்வி இல்லாமல். ‘இன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு வச்சேன், அப்பா ரெண்டு தடவை போட்டுக்கிட்டார்.’ இப்படி எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற பாரம் அவனுக்கு இல்லை. இப்படிப்பட்ட செய்திகளுக்குத்தான் பிள்ளைகள் சீக்கிரம் பதில் போடுகிறார்கள், இது என்னிடம் வரும் அம்மாக்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

சித்தி மகனைக் கண்காணிக்கச் சொன்னதை நிறுத்துங்கள். என்றைக்காவது மகனுக்குத் தெரியவரும், அன்றோடு அவன் உங்களிடம் கையைச் சுட்டுக்கொண்டதைக்கூடச் சொல்லமாட்டான். அவசரத்துக்கு ஒரு சொந்தக்காரர் நம்பர் இருக்கிறது என்று மகனிடமே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், அது வேறு.

உட்காருவது. காலையில் பதினைந்து நிமிடம் போதும். முதல் சில வாரம் மெத்தா மட்டும், அதுவும் உங்களிலிருந்து. ‘நான் நலமாக இருக்கட்டும்’ என்று சொல்ல நம் அம்மாக்களுக்கு வாய் வராது, எல்லாம் பிள்ளைக்கே போக வேண்டும் என்பார்கள். இருந்தாலும் முறை அதுதான். மகன் முகம் குறுக்கே வந்தால் விரட்ட வேண்டாம். ‘நல்லா இரு’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். உபேக்காவைப் பிறகு, தெருமுனையில் மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) விற்கும் பெண்ணை வைத்துப் பழகுங்கள், பேர்கூடத் தெரியாத ஆளாக இருந்தால் ரொம்ப நல்லது. இரவில் பதற்றம் வந்தால் படுத்துக்கொண்டே போராடாமல் எழுந்து கூடத்தில் நடங்கள். மகாசி சயாடோவின் தியான முறையில் நடையைப் பழக்குவார்களே, காலைத் தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன் என்று, அது. ‘பயம், பயம்’ என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு அடுத்த அடி. பயத்துக்கு விளக்கம் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

கோயில். போங்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் போங்கள். 1871-இல் நம் ஆட்கள் கட்டிய காளி கோயிலில் எத்தனை தாய்மார்கள் எத்தனை வேண்டுதல் வைத்திருப்பார்கள்! நம் வீடுகளில் புத்தரும் முருகனும் ஒரே அலமாரியில் இருந்து நமக்குப் பழக்கம்தான், அவர்களுக்குள் சண்டை வந்து நான் கேட்டதில்லை. மகனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அங்கே உங்களைப்போல் பிள்ளையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் நாலு பேரைப் பார்ப்பீர்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை வலித்திருக்கும். ஆனால் கையில் எண்ணெய் பட்ட செய்தி அவர் காதிலும் விழுந்தது, போன் அவர் கையில் இல்லை. அவருக்கும் ஏதாவது கேட்க இருந்திருக்கும். அடுத்த தடவை மகன் அழைக்கும்போது ஸ்பீக்கரில் போட்டு அவரையும் பேச விடுங்கள். நம் அப்பாக்கள் ‘பணம் இருக்கா’ என்பதற்கு மேல் பேசமாட்டார்கள், பரவாயில்லை, அதையாவது கேட்கட்டும்.

திருவிழா விடுமுறைக்குப் பத்து நாள் உட்காருவது இந்த வருஷம் வேண்டாம். ஏற்கெனவே தூக்கம் கெட்டு, பயத்தில் இருப்பவர்களுக்கு நீண்ட மௌனம் சில சமயம் பதற்றத்தைக் கூட்டும், சில சமயம் உணர்ச்சியையே மரத்துப்போக வைக்கும். போன தடவை உங்களுக்குக் கிடைத்த நிம்மதியில் கொஞ்சம் மரத்துப்போனதும் கலந்திருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். போயே தீர வேண்டும் என்றால் ஒரு நாள், காலையில் போய் மாலையில் திரும்புவதாக. சேரும்போது, தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பதை அங்கே சொல்லித் தருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு முன்னால், இந்த அழுகையும் தூக்கமின்மையும் இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, ஒரு டாக்டரைப் பாருங்கள். தைராய்டும் ரத்தச்சோகையும் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் வயதில் அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். தனியாகப் போக வேண்டாம், நாத்தனாரையே கூட்டிக்கொண்டு போங்கள்.